உங்க ஊர் எஃப்எம் கை மாறின அன்னைக்கு என்ன நடந்துச்சு?

தாமிரபரணி:
எங்க வீட்டு ரேடியோவுல அந்த எஃப்எம் வர்ற இடத்துல அம்மா சிவப்பு நெயில் பாலிஷால ஒரு பொட்டு வச்சிருந்தாங்க. பிள்ளைங்க திருகிட்டாலும் முள்ளை அங்க கொண்டுவந்து நிறுத்திடுவாங்க. ஒருநாள் காலையில முள் பொட்டு மேலதான் நிக்குது, ஆனா வேற பேரு, வேற குரல், எல்லாமே புதுப்பாட்டு. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அணைக்கவே இல்ல. பழைய பாட்டு போடுற தம்பி அப்போதான் வருவாரு. வரலை. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல"ன்னாங்க. அம்மா அதைச் சொன்ன குரல் எனக்கு இன்னும் மறக்கல.

கொடைரசிகன்:
அதனாலதான் நான் தனியார் பக்கமே போறதில்ல. கொடைக்கானல் பண்பலை 100.5 மட்டும்தான். மலை மேல டவர், எங்க தோட்டம் வரைக்கும் சுத்தமா கேக்கும். நேயர் விருப்பத்துல அப்பா பேரைச் சொன்ன ராத்திரி, மடை உடைஞ்சு தண்ணி ஓடுறதுகூடத் தெரியாம மனுசன் அப்படியே நின்னாரு. அரசு வானொலி கை மாறாதுங்க.

பழைய அறிவிப்பாளர்:
கொடைரசிகன், அப்படிச் சொல்லாதீங்க. சென்னை வானொலியே 1924ல ஒரு ரேடியோ கிளப்பாத்தான் ஆரம்பிச்சது. காசில்லாம 1927ல நின்னு, 1930ல மாநகராட்சி எடுத்து நடத்தி, 1938லதான் அகில இந்திய வானொலிக்குப் போச்சு. தனியாருக்கு நெருக்கடி வேற மாதிரி. தனியாருக்கு எஃப்எம் உரிமம் கொடுத்த முதல் கட்டத்துல, ஏலத்துல கேட்ட தொகை வருஷாவருஷம் ஏறிக்கிட்டே போகும். 2005லதான் அதை வருமானத்துல 4 சதவீதம்னு மாத்தினாங்க. அப்போ கொடுத்த உரிமம் 10 வருஷத்துக்கு. முடிஞ்சதும் தொடரணும்னா மறுபடி மொத்தமா கட்ட வேண்டியிருந்துச்சு. சின்ன ஊர் விளம்பரத்துல அது எப்படிக் கட்டுபடியாகும்? அதான் வித்துடுறாங்க.

நானும் கை மாறின ஒரு நிலையத்துல ராத்திரி ஷோ பண்ணவன்தான். விடைபெற நாலு வரி எழுதி வச்சிருந்தேன். போனா, ஸ்டுடியோ பூட்டியிருக்கு. கண்ணாடி வழியா பார்த்தா உள்ள கம்ப்யூட்டர் தானா பாட்டு போட்டுக்கிட்டு இருக்கு, மைக் ஸ்டாண்டுல என் ஹெட்ஃபோன் தொங்குது. தாமிரபரணி, உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம், எங்களை விடல.

கடலோரம்:
எங்க சமூக வானொலியில, அதாவது ஊர் மக்களுக்காகவே நடக்குற சின்ன நிலையத்துல, ஒரு மீன்கார அம்மா தன் குரலையே ஸ்பீக்கர்ல கேட்டுட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அவ்வளவுதான் என் கதை. ஆனா ஊருக்குன்னு நிலையம் வேணும்னா எல்லாரும் இதைத்தான் பாக்கணும். 2004ல அண்ணா பல்கலைக்கழகத்துல 90.4ல ஆரம்பிச்சப்போ கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. 2006லிருந்து தொண்டு நிறுவனங்களும் கேக்கலாம். 50 வாட் டிரான்ஸ்மிட்டர் போதும், சுத்துப்பட்டு ஊரெல்லாம் கேக்கும். நிகழ்ச்சியில பாதியாவது உள்ளூர்ல தயாரிக்கணும். முக்கியமா, உரிமத்தை இன்னொருத்தருக்கு விக்க முடியாது. முதல்ல ஊர்ல பத்துப் பேருக்கு நிகழ்ச்சியை ஒலிப்பதிவு பண்ணப் பழக்குங்க, கருவியெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்.

தாமிரபரணி:
அறிவிப்பாளர் சார், அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அந்த ஒன்பது மணித் தம்பியா?"ன்னு கேக்கறாங்க. நீங்க எந்த ஊர்ல இருந்தீங்க? அந்த நாலு வரி இன்னும் இருந்தா இங்க போடுங்களேன்.