ஒரே பசால்ட், இரண்டு வரைபடம், இரண்டு பதில்: எதை நம்புவது?

பாறைமாணவன்:
ஆர்க்கேயன் காலத்துப் (250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) பச்சைக்கல் பட்டை (உருமாறிய பழைய எரிமலைப் பாறைத் தொடர்) ஒன்றின் பசால்ட் மாதிரிகள் எந்தச் சூழலில் பிறந்தவை என்று, தனிம அளவுகளை வரைபடத்தில் போட்டு ஆராய்கிறேன். டைட்டானியம்–சிர்க்கோனியம்–இட்ரியம் முக்கோணத்தில் எல்லாமே 'பி' புலத்தில் விழுகின்றன. அப்படியானால் நடுக்கடல் முகடுதானே (தட்டுகள் விலகிப் புதுக் கடல்தரை உருவாகும் இடம்)? ஆனால் தோரியம்/இட்டெர்பியம், நியோபியம்/இட்டெர்பியம் வரைபடத்தில் அதே மாதிரிகள் தீவு வளைவுப் பக்கம் (ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடத்து எரிமலைத் தொடர்) போய் நிற்கின்றன. பேரியமும் ருபீடியமும் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடக்கின்றன. எதை வைத்து எழுதுவது?

பழங்கல்:
பேரியம், ருபீடியம் இரண்டையும் விட்டுவிடுங்கள். உருமாற்றத்தின்போது நீரோடு இடம்பெயரும் தனிமங்கள் அவை.

அப்புறம், உங்கள் இரண்டு வரைபடங்களும் மோதிக்கொள்ளவே இல்லை. 1973-இல் ஆய்வாளர்கள் பியர்ஸும் கேனும் வெளியிட்ட அந்த முக்கோணத்தில் 'பி' பொதுப்புலம். நடுக்கடல் முகட்டுப் பசால்ட்டும் அங்கே விழும், தீவு வளைவுப் பசால்ட்டும் விழும். அந்தப் புலத்தை மட்டும் வைத்து முகடு என்று எழுதவே கூடாது.

உண்மையான கேள்வி தோரியத்தில் இருக்கிறது. அமிழும் தட்டிலிருந்தும் அதன் மேல் படிந்த வண்டலிலிருந்தும் தோரியம் மேலே உள்ள மேன்டிலுக்குள் (மேலோட்டுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கு) ஏறுகிறது. நியோபியம் பெரும்பாலும் தட்டிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் வளைவு லாவாக்களில் தோரியம் தூக்கலாகவும் நியோபியம் பள்ளமாகவும் தெரிகிறது. ஆனால் கண்ட மேலோட்டுக்கும் இதே முத்திரை உண்டு! தக்காணத்து எரிமலைப் பாறைகளில் ஒன்றான புஷே அடுக்கைப் பாருங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த லாவா பொங்கியபோது அடியில் எந்தத் தட்டும் அமிழவில்லை. வரும் வழியில் மேலோட்டைக் கரைத்துக்கொண்டதால் நியோபியம் பள்ளம் வந்துவிட்டது.

ஆகவே, தோரியம்/நியோபியம் விகிதத்தைச் சிலிக்காவுக்கு எதிராகப் போட்டுப் பாருங்கள். சிலிக்கா ஏற ஏற விகிதமும் ஏறி, நியோடிமியம் ஐசோடோப்பு மதிப்பு (பழைய மேலோட்டில் இது தாழ்வாக இருக்கும்) இறங்கினால் மேலோட்டுக் கலப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முகடு_நோக்கி:
களத்தையும் கேளுங்கள். சைப்ரஸின் துரோதோஸ் மலையில் வரிசையாக நிற்கும் டைக்குகள் (பிளவுகளில் புகுந்து உறைந்த மாக்மாச் சுவர்கள்) கடல்தரை விரிந்ததைக் காட்டுகின்றன. 1973-இல் பாறையியலாளர் மியாஷிரோ வேதியியலை வைத்து அதைத் தீவு வளைவு என்றார், பெரிய விவாதம் நடந்தது. அமிழ்வு மண்டலத்துக்கு மேலேயே கடல்தரை விரிந்தது என்றுதான் பின்னர் பலரும் ஏற்றார்கள்.

பாறைமாணவன்:
நன்றி ஐயா. போட்டுப் பார்த்தேன். மக்னீசியம் மிகுந்த, சிலிக்கா குறைந்த மாதிரிகளிலும் விகிதம் உயர்வாகவே இருக்கிறது. அப்போது வளைவு என்று எழுதலாமா?

பழங்கல்:
இன்னும் வேண்டாம். ஆர்க்கேயன் மாக்மா மிகச் சூடானது. மேலோட்டை விழுங்கிய பிறகும் அதில் மக்னீசியம் மிகுந்தே இருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவில் சுமார் 270 கோடி ஆண்டு வயதுள்ள பசால்ட்டுக்குள் 300 கோடியைத் தாண்டிய சிர்கான்கள் (வயதைக் கணிக்க உதவும் கனிம மணிகள்) கிடைத்தன. அந்த லாவா பழைய மேலோட்டைத் துளைத்து வந்தது என்பதற்கு நேரடிச் சான்று அது. உங்கள் மாதிரிகளிலும் சிர்கான் பிரித்துப் பாருங்கள். மூத்த மணிகள் கிடைக்காவிட்டாலும் நியோடிமியத்தையும் அளந்துவிட்டு எழுதுங்கள்.