பழைய பி-சீரிஸ் என்ஜின்: பெல் ஹவுசிங்கில் ஆயில் சொட்டுகிறது, என்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி

பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ், 1489 சிசி, மூன்று மெயின் பேரிங் என்ஜின். ஆயில் 20டபிள்யூ-50. இரவு நிறுத்தினால் காலையில் பெல் ஹவுசிங்குக்கு (என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் நிற்கிறது. வால்வ் கவர், டாப்பெட் கவர் (என்ஜின் பக்கவாட்டில் உள்ள தகட்டு மூடி, முன்னும் பின்னுமாக இரண்டு) எல்லாவற்றுக்கும் புது கார்க் பேக்கிங் போட்டாயிற்று. போல்ட்டை நன்றாக இறுக்கியும் டாப்பெட் கவரைச் சுற்றி ஈரம். என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, என்ஜினை இறக்கு என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில் 1

இறக்காதீர்கள். மூன்று பேரிங் பி-சீரிஸில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்முனையில் மரை வெட்டியிருக்கும். சுழலும்போது அதுதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நின்ற என்ஜினில் அதற்கு வேலை இல்லை. அதனால் ஓரிரு சொட்டு விழுவது இந்த அமைப்பின் இயல்பு. உங்களுடையது அதைவிட அதிகம், ஆனால் மேலே எங்கோ கசிவதும் ஃபேன் காற்றில் பின்னுக்கு ஓடி அங்கேதான் வந்து சொட்டும்.

முதலில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து என்ஜினைச் சுத்தமாகக் கழுவி உலர விடுங்கள். சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, 15 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் கறுத்த கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்நுனிதான் கசியும் இடம். ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சையும் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் தலை வழியாகவே கசிவது உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை.

பதில் 2

"நன்றாக இறுக்கியும்" என்கிறீர்களே, கசிவுக்குக் காரணமே அதுதான். டாப்பெட் கவருக்கு நடுவில் ஒரே போல்ட். அதற்கு வேண்டியது 2 பவுண்டு-அடி, அதாவது 2.7 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் தகடு நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கார்க்கும் பிதுங்கி வெடிக்கும். வால்வ் கவர் நட்டுக்கு 4 பவுண்டு-அடி போதும்.

கவரைக் கழற்றிக் கண்ணாடிமேல் கவிழ்த்து வையுங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே வளைவு. மரக்கட்டைமேல் வைத்துச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தலாம். பழைய பேக்கிங் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் சுரண்டி, தின்னரால் துடைத்துவிட்டு, கார்க்கைக் கவர் பக்கம் மட்டும் பசையால் ஒட்டுங்கள். பிளாக் பக்கம் லேசாக கிரீஸ். உலர்ந்து சுருங்கிய கார்க்கை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும்.

சிலிகான் பேஸ்ட்டை அப்பாதீர்கள். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து சம்ப்புக்குள் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழுந்தால் ஆயில் பம்பின் ஸ்டிரெயினரை (வடிகட்டி வலை) அடைக்கும். அப்புறம் போவது பேரிங்.

கேட்டவர்

பவுடர் போட்டுப் பார்த்தேன். பின்பக்க டாப்பெட் கவரில் தெளிவாகக் கோடு. என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே காகிதம் வைத்தால் விடாமல் எகிறுகிறது.

பதில் 1

அப்படியென்றால் கிராங்க்கேஸில் (கிராங்க் சுழலும் கூடு) அழுத்தம் சேர்கிறது. இது தீராமல் எந்த பேக்கிங்கும் நிற்காது, பின்பக்க மரையும் தோற்றுப்போகும். முன் டாப்பெட் கவரிலிருந்து வரும் பிரீதர் (காற்றுப் போக்கி) குழாயையும், வால்வ் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் குழாயையும் கழற்றிக் கழுவுங்கள். உள்ளே கெட்டியான கறுப்புச் சகதி இருந்தால் சுரண்டி, மறுபக்கம் தடையில்லாமல் ஊத முடிகிற வரை விடாதீர்கள்.

அதற்குப் பிறகும் காகிதம் எகிறினால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. என்ஜினை இறக்க நியாயமான காரணம் அதுதான்.

பதில் 3

முன்பக்கத்தையும் விடாதீர்கள். டைமிங் கவர் (என்ஜின் முன்பக்கம் டைமிங் செயினை மூடும் தகடு) சீல் மாற்றும்போது கவர் திருகுகளைத் தளர்வாக வைத்து, புல்லியை மாட்டி, சீல் நடுவில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் சீலின் ஒருபக்கம் தேய்ந்து சீக்கிரமே கசியும். புல்லிக் கழுத்தில் நகம் சிக்குகிற அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

டிப் ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டைத் தாண்டவே கூடாது. "லீக் நிறுத்தும்" மருந்துகள் ரப்பரை உப்ப வைப்பவை. கார்க்குக்கோ மரைக்கோ அவற்றால் பயனில்லை.