ஆர்டிஎக்ஸ் 4060 போட்டும் எஃப்பிஎஸ் ஏறலை: கோளாறு கார்டுலயா, ப்ராசஸர்லயா?

மேலூர்_கேமர்:
வணக்கம்ணே. பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650-ஐக் கழட்டிட்டு ஆர்டிஎக்ஸ் 4060 போட்டாச்சு. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல (சிஎஸ்2) முன்னாடி எஃப்பிஎஸ் (நொடிக்கு வர்ற படங்கள்) 85-90 வந்துச்சு, இப்ப 95. வேலோரன்ட்ல சண்டை ஆரம்பிச்சா 200-ல இருந்து 110-க்கு விழுது. எல்டன் ரிங் 60-ஐத் தாண்டவே மாட்டேங்குது. டிரைவரை டிடியு-ங்கிற நீக்குற டூல் வச்சு சுத்தமா எடுத்துட்டு மறுபடி போட்டும் அதேதான். ப்ராசஸர் ரைசன் 5 2600, பி450 போர்டு, 8 ஜிபி 3200 ராம் ரெண்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். கார்டைத் திருப்பிக் கொடுத்துடவா?

வைகைக்கரை:
அவசரப்படாதீங்க தம்பி. எல்டன் ரிங்கைக் கணக்குல சேர்க்காதீங்க, அந்த கேம்லயே 60-க்குப் பூட்டு இருக்கு. மத்த ரெண்டும் ப்ராசஸரைப் பிழியுற கேம்கள். பரோட்டாக் கடையில மாவு உருட்டுறவர் நிமிஷத்துக்குப் பத்து உருண்டை தந்தா, கல்லைப் பெருசாக்கினாலும் பத்து பரோட்டாதான் வரும்.

ஆஃப்டர்பர்னர்-ங்கிற சாஃப்ட்வேர்ல கார்டு பயன்பாட்டைத் திரையிலேயே காட்டுற மாதிரி வைங்க. அப்புறம் ரெசல்யூஷனை 1280-க்கு 720-னு இறக்கி அதே மேப்புல ஓடுங்க. கார்டுக்கு வேலை குறைஞ்சும் எஃப்பிஎஸ் ஏறலைன்னா கார்டு மேல குத்தம் இல்லை. டாஸ்க் மேனேஜர்ல வர்ற மொத்த சிபியு சதவீதத்தை நம்பாதீங்க. 2600-ல 12 த்ரெட் (ஒரே நேரத்துல வேலை ஓடுற வரிசை) இருக்கு. கேமோட முக்கிய த்ரெட் ஒண்ணு முட்டிக்கிட்டு நின்னாலும் மொத்தத்துல அது 8 சதவீதம்தான்.

மேலூர்_கேமர்:
கார்டு 48-55 சதவீதம். சிபியு 45. 720-ல வச்சாலும் 97 எஃப்பிஎஸ்தான்ணே.

ஒத்தக்கடை_ஹார்டுவேர்:
அப்ப ப்ராசஸர் பக்கம்தான். ஆனா காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ராமைப் பாருங்க. எந்த ஸ்லாட்ல இருக்கு? டாஸ்க் மேனேஜர்ல வேகம் எவ்வளவு காட்டுது?

மேலூர்_கேமர்:
ப்ராசஸர் பக்கத்துல இருந்து முதல் ரெண்டு ஸ்லாட். 2133-னு காட்டுது.

ஒத்தக்கடை_ஹார்டுவேர்:
நெனச்சேன். நாலு ஸ்லாட் போர்டுல முதல் ரெண்டும் ஒரே சேனல். ரெண்டு குச்சி இருந்தும் ஒத்தை வழியிலதான் போய்ட்டு வருது. ப்ளக்கைப் பிடுங்கிட்டு, ப்ராசஸர்ல இருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்ல மாத்துங்க. ரெண்டு பக்கமும் 'க்ளிக்'னு உட்காரணும். பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி-யை, அதாவது ராமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்கை, ஆன் பண்ணுங்க. 2600-க்கு ஏஎம்டி சொல்ற வரம்பு 2933, அதனால 3200-ல டிஸ்ப்ளே வராம போகலாம். வரலைன்னா சிமாஸ் க்ளியர் பண்ணிட்டு (பயாஸ் செட்டிங்கை அழிச்சுட்டு) 2933 வைங்க.

மேலூர்_கேமர்:
3200-ல வரலை, 2933-ல ஓடுது. சிஎஸ்2 இப்ப 122! கார்டு 65 சதவீதம்.

வைகைக்கரை:
பைசா செலவில்லாம 27 கெடைச்சிருக்கு. மிச்சத்துக்கு ப்ராசஸரை மாத்தணும். போர்டை மாத்த வேணாம், அதே ஏஎம்4 சாக்கெட்ல ரைசன் 5 5600 உட்காரும். பேரைப் பார்த்து ஏமாந்து 5500-ஓ 5600ஜி-யோ வாங்கிடாதீங்க. அதுல எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) 16 எம்பி, 5600-ல 32. இந்த மாதிரி கேம்ல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

திருமங்கலம்_பிசி:
5700எக்ஸ்3டி சொல்லுங்கப்பா, 96 எம்பி கேஷ். சிஎஸ்2-ல பிச்சு உதறும்.

வைகைக்கரை:
உதறும்தான். ஆனா 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல 250 வந்து என்ன பண்ண? அது 105 வாட் ரகம், 2600 கூட வந்த சின்ன கூலர் தாங்காது, கூலருக்கும் தனிச் செலவு. 5600 அதே 65 வாட், பழைய கூலரே போதும். எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே இருக்கட்டும். 4060 115 வாட், எல்லாம் சேர்த்தும் 300-ஐத் தொடாது. 8 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ல இருந்தே வருதான்னு மட்டும் பாருங்க. மோலெக்ஸ் கன்வர்ட்டர் போட்டிருந்தா இன்னைக்கே கழட்டுங்க.

ஒத்தக்கடை_ஹார்டுவேர்:
பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடிச்சிருங்க. 5600-ஐ மாட்டிட்டு அப்டேட் பண்ணப் போனா டிஸ்ப்ளேயே வராது. போர்டுல அச்சடிச்ச மாடல், ரெவிஷன் ரெண்டும் பொருந்துற ஃபைலை எடுத்து, ஃபேட்32 பென்டிரைவ்ல போட்டு, பயாஸ் உள்ளே இருந்தே ஏத்துங்க. இடையில வேற வெர்ஷன் போடச் சொல்லியிருக்கான்னு குறிப்பைப் படிங்க. ஈபி மாதாந்திர ஷட்டவுன் நாள்ல இந்த வேலையே வேணாம். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓடுதுன்னா பின்னாடி இருக்கிற ஸ்விட்சை யுபிஎஸ் மோடுல வைங்க. நார்மல் மோடுல கரண்ட் மாறுற நேரத்துல பிசி ரீஸ்டார்ட் ஆகிடும், பாதி ஏறின பயாஸோட போர்டு செத்துடும். பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) இருந்தா ரெகவரி கீயை முதல்ல எழுதி வைங்க.

கூலரைக் கழட்டுறதுலதான் நெறைய பேர் சொதப்புவாங்க. பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கி, பிசியை அணைச்சு, கரண்டை எடுத்துட்டு, நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்கா லூஸ் பண்ணுங்க. அந்தக் கூலருக்கு போர்டு பின்னாடி இருக்கிற தகட்டைப் பிடிச்சிருக்கிறதே அந்த ஸ்க்ரூதான், ஒரு கையால பின்னாடி தாங்கிக்கணும். உடனே மேல தூக்காதீங்க. ஸ்டியரிங் மாதிரி இடம் வலமா மெல்லத் திருப்புங்க. பேஸ்ட் காய்ஞ்சிருந்தா லாக் போட்டிருக்கும்போதே ப்ராசஸர் கூலரோட பிடுங்கிக்கிட்டு வரும், பின் வளையும். புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

மேலூர்_கேமர்:
5600 மாட்டியாச்சுண்ணே. முதல்ல எஃப்டிபிஎம்-னு ஏதோ கேட்டுச்சு, ஒய் அழுத்தினேன். சிஎஸ்2 180 வருது. ஆனா வேலோரன்ட் திறந்தா வேன் 9001 எரர்!

ஒத்தக்கடை_ஹார்டுவேர்:
பயாஸ் அப்டேட்ல செட்டிங் எல்லாம் பழையபடி திரும்பியிருக்கும். விண்டோஸ் 11-ல வேலோரன்ட்டுக்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்; ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறதுக்குப் பேர் எஃப்டிபிஎம்), செக்யூர் பூட் ரெண்டும் வேணும். எஃப்டிபிஎம் ஆன், சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆஃப், செக்யூர் பூட் ஆன். சிஎஸ்எம்மை அணைக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க் புது பார்ட்டிஷன் முறையான ஜிபிடியான்னு டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாருங்க. பழைய முறையான எம்பிஆரா இருந்தா விண்டோஸ் பூட் ஆகாது. எக்ஸ்எம்பியும் அணைஞ்சிருக்கும், ப்ராசஸர் புதுசுங்கிறதால இந்த வாட்டி 3200-லயே வச்சுப் பாருங்க.

மேலூர்_கேமர்:
செக்யூர் பூட்தான் ஆஃப்ல இருந்துச்சு. வேலோரன்ட் திறந்துருச்சு, ராமும் 3200-ல நிக்குது.