சக்கர நாற்காலியில் இருப்பவருடன் கொச்சிக்கு முதல் பயணம்: எதை யார் பார்த்துக்கொள்வது?

நொய்யல்கரை:
வணக்கம். கோயம்புத்தூரில் பணிபுரிகிறேன். நான் விரும்புபவர் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார். தம் வேலைகளைத் தாமே செய்துகொள்வார், கையால் இயக்கும்படி மாற்றிய காரும் ஓட்டுவார். அடுத்த மாதம் இருவரும் ரயிலில் கொச்சிக்குச் சென்று தங்க எண்ணியிருக்கிறோம். உள்ளூர் உணவகத்திலேயே பரிமாறுபவர் "சாருக்கு என்ன வேணும்?" என்று என்னைத்தான் கேட்கிறார், அதன்பின் அன்று முழுவதும் என் காதலரின் பேச்சு குறைந்துவிடுகிறது. பெட்டி தூக்கி, சரிவுப்பாதை தேடி, எல்லோருக்கும் பதில் சொல்லி, பயணம் முடிவதற்குள் நான் அவருடைய உதவியாளராகவே ஆகிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். அவரிடம் இதைப் பேசவும் தயக்கமாக இருக்கிறது.

சக்கரவாசி:
அவர் காரோட்டுபவர் என்றால் ரயில் எதற்கு? துணையின்றிப் பயணிக்க இயலாதவர் என்று மருத்துவச் சான்று பெற்றவருக்கும் உடன் செல்பவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நடைமேடையிலிருந்து அவரைப் பெட்டிக்குள் ஏற்ற ஆள் பிடிக்க வேண்டும். சாதாரணப் பெட்டியின் நடைவழியில் நாற்காலி நுழையாது. கழிப்பறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர் வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அவர் ஓட்ட, நீங்கள் பாட்டுகளை மாற்றிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்து செல்லலாம். நானும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் வெளியேற்றுவதும், படுக்கைப்புண் வராமலிருக்க அவ்வப்போது கைகளை ஊன்றி உடலை உயர்த்திக்கொள்வதும் எங்களில் பலருக்கு அன்றாட வழக்கம். சொந்தக் கார் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தி இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். அதை நீங்கள் நினைவூட்டத் தொடங்கினால்தான் காதலி போய் நர்ஸ் வந்துவிடுவார்.

மாடிவீட்டுக்காரி:
நான் சற்று மாறுபடுகிறேன். உதவி என்றாலே உறவு கெட்டுவிடும் என்று எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. போலியோவால் பாதிக்கப்பட்ட என் கணவரின் கால்களை இரவில் கட்டிலில் எடுத்து வைப்பது நான்தான், அதில் இருவருக்கும் சங்கடமில்லை. ஆனால் கேட்காமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் சண்டைதான். பரிமாறுபவர் என்னிடம் கேட்டால் நான் மெனு அட்டையிலிருந்து தலை நிமிர்வதே இல்லை. சற்றுப் பொறுத்து அவராகவே என் கணவர் பக்கம் திரும்பிவிடுவார். "அவரிடமே கேளுங்கள்" என்று சொன்னாலும் அவருக்காக நான் பேசியதாகத்தான் ஆகும். சுமை தூக்க விடுதிப் பையனுக்குக் காசு கொடுங்கள். எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று புறப்படும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

கொச்சிவாசி:
"வீல்சேர் வசதி உண்டு" என்று விடுதிக்காரர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். வாசலில் சரிவு இருக்கும், குளியலறைக் கதவோ நாற்காலியைவிடக் குறுகலாக இருக்கும். கதவின் குறுக்கே டேப்பைப் பிடித்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கட்டிலின் உயரத்தையும் கேளுங்கள். மணமாகாத வயதுவந்த இருவர் தங்கச் சட்டத்தில் தடையில்லை, ஆனால் சில விடுதிகள் மறுப்பதால் அதையும் முன்பே பேசிவிடுவது நல்லது. இங்கே 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுச் சேவையைத் தவறவிடாதீர்கள். மிதக்கும் மேடை நீர்மட்டத்தோடு ஏறி இறங்குவதால் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. யாரும் தூக்காமல் அவரே உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். உயர் நீதிமன்ற முனையத்தில் ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்குங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் படியேற வேண்டும் என்பதால் அதை விட்டுவிடலாம். கரையோரச் சீன மீன்பிடி வலைகளைப் பார்க்க விடுமுறை நாள் மாலையில் மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் நாற்காலி நகராது.

நொய்யல்கரை:
அனைவருக்கும் நன்றி. நேற்று அவரிடம் பேசிவிட்டேன். காரில்தான் போகிறோம், விடுதிகளை அழைத்து அளவு கேட்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் இடையே நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை உள்ள உணவகமோ பெட்ரோல் பங்க்கோ யாருக்காவது தெரியுமா?