கீழக்கரையில் பழைய சொகுசுக் கார் வாங்கலாமா?

கேள்வி: ஆறு ஆண்டுகள் ஓடிய ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்றை, புதிய சிறிய காரின் விலைக்கே என் மச்சான் பார்த்து வைத்திருக்கிறார். பழுது என்றால் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ கொண்டுபோக வேண்டிய நிலையில், கடலோரத்தில் இதை வைத்துக் காப்பாற்ற முடியுமா?

பதில் 1: சகோதரரே, விலை குறைந்தது காருக்குத்தான், உதிரிப் பாகங்களுக்கு அல்ல. ஒருநாள் காலையில் என் காரின் பின்பக்கம் தரையோடு அமர்ந்திருந்தது. வண்டியைக் காற்று நிரப்பிய பைகளால் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர் பையில் நகக்கண் அளவு வெடிப்பு. பாகம் வந்து சேர ஐந்து வாரங்கள் ஆயின.

பதில் 2: ரன்பிளாட் டயரா (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடியது) என்று பாருங்கள். காற்று இறங்கிய பின் அது பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம்தான் தாங்கும், மதுரையோ 100 கிலோமீட்டருக்கும் மேல். பல வண்டிகளில் ஸ்டெப்னியே இராது.

பதில் 3: ஐரோப்பாவில் பனிக்காலச் சாலைகளில் உப்புத் தூவுவதால் அந்தக் கார்களுக்குத் துருத் தடுப்புப் பூச்சு நன்றாகவே இருக்கும்; ஆனால் அங்கே சில மாதங்கள், இங்கே ஆண்டு முழுவதும் உப்புக் காற்று. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், தனுஷ்கோடி போய் வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், கிணற்று உவர்நீர் வேண்டாம். வாங்கும் முன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பிரேக் குழாய்களையும் ஒயரிங் இணைப்புகளில் பச்சைப் பூப்பு (செம்பு அரிப்பு) இருக்கிறதா என்பதையும் நீங்களே பாருங்கள்.