ஏற்காட்டு வீட்டுச் சுவருக்குச் சீடர் பலகை தாங்குமா?

நாகலூர்க்காரன்:
அப்பா காலத்து ஓட்டு வீட்டைப் பழுது பார்க்கிறேன். மேற்குச் சுவரில் சாரல் அடித்துச் சுண்ணாம்பு உதிர்கிறது. வெளிப்பக்கம் பலகை அடித்துவிடலாம் என்று சேலத்துக்கு இறங்கினேன். மரக்கடைக்காரர் ‘சீடர்’ (cedar) என்று ஒரு மரத்தை நீட்டினார். எடையே இல்லை, பென்சில் சீவியது போல வாசனை. கனடாச் சரக்காம். கரையான் கிட்டே வராது, நூறு வருடம் நிற்கும் என்கிறார். மாதக்கணக்கில் பனிமூட்டத்தில் நனையும் சுவருக்கு இது ஒத்துவருமா? அதிலேயே தரையும் போடலாமா? நம் தேவதாருவும் இதுவும் ஒன்றுதானா?

உளிச்சத்தம்:
தம்பி, நூறு வருடம் என்றவர் அதுவரை கடையில் இருப்பாரா என்று கேட்டீர்களா?

நீங்கள் சொல்வது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் செஞ்சீடர், துஜா பிளிகாட்டா. கன மீட்டருக்குச் சுமார் 370 கிலோ. தேக்கு 650 வரை போகும். இலேசாக இருப்பதால் மட்டம் என்று நினைக்காதீர்கள். நனைந்து காய்ந்தாலும் அதிகம் சுருங்காது, முறுக்காது. வைரத்தில், அதாவது மரத்தின் நடுப்பகுதியில், இருக்கும் சாறு பூஞ்சையைத் தடுக்கும். பனியில் ஊறும் சுவருக்கு அந்தக் குணம்தான் வேண்டும். அதைச் சுற்றியுள்ள வெளுப்புப் பகுதிக்கு அந்தச் சாறு கிடையாது. ஓரத்தில் வெளுப்பு ஓடும் பலகையைத் தள்ளிவிடுங்கள். கரையான் பேச்சை நம்பி மண்ணைத் தொடவிட வேண்டாம். தரைக்கு மேல் முக்கால் அடியாவது விட்டுத்தான் முதல் பலகை.

என் கதையைக் கேளுங்கள். 2009-ல் ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு இந்தப் பலகை அடித்தேன். எனக்கு அது முதல் சீடர் வேலை. சாதாரண இரும்பு ஆணி போட்டேன். ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தால், ஒவ்வொரு ஆணிக்கும் கீழே கண்மை கரைந்தது போலக் கருப்புக் கோடு. “என்ன ஆசாரி, சுவர் அழுகிறதே” என்றார் உரிமையாளரம்மா. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். கடுக்காயையும் இரும்பையும் ஊறவைத்து மை செய்த தாத்தாவின் பேரனுக்கு அது தோன்றவில்லை! அத்தனை ஆணியையும் பிடுங்கி எவர்சில்வர் ஆணி அடித்தேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

சுவரோடு ஒட்டி அறையாதீர்கள். செங்குத்தாக முக்கால் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, அதன்மேல் பலகை. உள்ளே இறங்கும் நீர் வழிய வேண்டும், காற்று ஏற வேண்டும். மேலும் கீழும் பூச்சி வலை. அறுத்த முனைகளுக்கு எண்ணெய் காட்ட மறக்காதீர்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான். எதுவும் பூசாமல் விட்டால் சாம்பல் நிறமாகும், அது கேடில்லை.

தரைக்கு வேண்டவே வேண்டாம். நகம் அழுத்தினாலே தழும்பு விழும்.

அறுக்கும்போது மூக்கை மூடச் சொல்லுங்கள். இதன் தூசி சிலருக்கு ஆஸ்துமாவையே கொண்டுவரும். என் மருமகன் அந்த வேலையோடு இழைப்புளியை வைத்துவிட்டான்.

காப்பிப்பூ:
பெயர்க் குழப்பத்துக்கு நான் பதில் சொல்கிறேன். படையில் இருந்தபோது ஸ்ரீநகரில் பார்த்தது இமயமலைத் தேவதாரு. அசல் சீடர் குலம் அதுதான். தால் ஏரிப் படகு வீடுகளுக்கு அந்த மரம். அந்தக் காலத்தில் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் ஏராளமாக வெட்டினார்கள். கனடாச் சரக்கு சைப்ரஸ் குடும்பம், பெயரில் மட்டும் சீடர். நம் வறண்ட காடுகளில் தேவதாரம் என்று செம்புளிச்சானைச் சொல்வார்கள். அது குத்துச்செடி போன்ற சிறுமரம், பலகைக்கு ஆகாது. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சந்தன வேம்பும் ஆஸ்திரேலியாவில் ‘செஞ்சீடர்’தான்! அது வேம்புக் குடும்பம்; பெட்டிக்கும் அலமாரிக்கும் அருமை. ரசீதில் தாவரப் பெயரை எழுதி வாங்குங்கள்.

நாகலூர்க்காரன்:
இருவருக்கும் நன்றி. கடைக்காரரிடம் தாவரப் பெயர் கேட்டேன். “சீடர் என்றால் சீடர்தான்” என்கிறார். மாதிரித் துண்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன்.

உளிச்சத்தம்:
அந்தத் துண்டில் ஓர் இரும்பு ஆணியை அடித்து, ஈரத் துணி சுற்றி இரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மரத்தில் துவர்ப்பு இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். பல மரத்துக்கும் அந்தக் குணம் உண்டு. வாசனையும் எடையும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு வருகிறேன், துண்டை எடுத்து வையுங்கள். சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்க்காமல் பலகைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.