ஆயுத பூஜைக்குப் பிறகு உறையும் கணினி

குழு: வடக்கு வீதி குடும்பம்

சனிக்கிழமை

பெரியப்பா (காலை 7:40): கண்ணா, கணினி மறுபடியும் நின்றுவிட்டது. வம்சாவளியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அம்புக்குறி மட்டும் நகர்கிறது, மற்றதெல்லாம் சிலை. 600 ரூபாய் கொடுத்து ஃபார்மேட் செய்து வாங்கி நான்கு நாள்கூட ஆகவில்லை.

சித்தப்பா: ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் துடையுங்கள் அண்ணா. எங்கள் அலுவலகத்தில் எல்லா நோய்க்கும் அதுதான் வைத்தியம்.

அத்தை: வைரஸாக இருக்கும். நேற்று நீங்கள் அனுப்பிய காலை வணக்கப் படத்திலேயே எனக்குச் சந்தேகம்.

பெரியப்பா: அது கைப்பேசியிலிருந்து அனுப்பியது.

கண்ணன் (8:05): பெரியப்பா, அடுத்த முறை நின்றால் உடனே அணைத்துவிடாதீர்கள். கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா? சிபியுவின் முன்னால், ஹார்டு டிஸ்க் வேலை செய்யும்போது மினுக்கும் சின்ன விளக்கு என்ன செய்கிறது? பொறுத்திருந்தால் தானாக மீள்கிறதா? இவற்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியப்பா (9:22): நின்றது. கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது. சிவப்பு விளக்கு மினுக்காமல் ஒரேயடியாக எரிகிறது.

பெரியப்பா (9:23): மீண்டுவிட்டது! கடிகாரம் பார்த்தேன், அரை நிமிடம். இத்தனை நாளும் நான்தான் பொறுமையில்லாமல் பொத்தானை அமுக்கியிருக்கிறேன்.

கண்ணன்: அப்படியானால் சித்தப்பாவின் ரப்பர் இப்போதைக்கு வேண்டாம். ரேம் கெட்டால் பெரும்பாலும் நீலத்திரை வரும், அல்லது மொத்தமாக நின்றுபோகும். இப்படி எழுந்து உட்காராது. ஹார்டு டிஸ்க்கிடம் ஏதோ கேட்டுவிட்டு விண்டோஸ் காத்துக்கிடப்பதுபோல் தெரிகிறது. முதலில் வம்சாவளியைப் பென் டிரைவில் நகலெடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெரியம்மா: பக்கத்தில் நின்று எடுக்கவைத்துவிட்டேன்.

கண்ணன்: விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் ஈவென்ட் வியூவர், அதாவது விண்டோஸ் எழுதும் நாட்குறிப்பு. அதற்குள் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். 9:22க்கு அருகில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா?

பெரியப்பா: இருக்கிறது. எண் 129, பெயர் ஸ்டோர்ஏஹெச்சிஐ. நேற்றும் ஐந்து முறை வந்திருக்கிறது. சிவப்பில் 41 என்றும் சில உள்ளன. பார்க்கவே பயமாக இருக்கிறது.

கண்ணன்: 41 நீங்கள் பொத்தானை அமுக்கியதன் பலன். முறையாக அணைக்காமல் மறுபடி தொடங்கினால் விண்டோஸ் அப்படி எழுதிவைக்கும். 129தான் விஷயம். ஸ்டோர்ஏஹெச்சிஐ என்பது டிஸ்க்கோடு பேசும் விண்டோஸின் நிரல். ஹார்டு டிஸ்க் பதில் சொல்லவில்லை, உலுக்கி எழுப்பினேன் என்கிறது. கெட்டது டிஸ்க்கா கேபிளா என்று பார்க்க வேண்டும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளை நிறுவி, 05, சி5, சி7 வரிசைகளின் கடைசிக் கட்டத்தில் உள்ளதை அனுப்புங்கள்.

பெரியப்பா (10:15): 05 பூஜ்யம். சி5 பூஜ்யம். சி7இல் நிறையப் பூஜ்யம் போட்டு 4ஏ. இது எண்ணா, எழுத்தா?

கண்ணன்: பதினாறை அடியாகக் கொண்ட எண். நம் கணக்கில் 74. முதல் இரண்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கின் பரப்பே கெடுகிறது என்று பொருள். இன்றே புதிது வாங்கச் சொல்லியிருப்பேன். சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தரவு சிதைந்த தடவைகள். அதற்குப் பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். ஃபார்மேட் செய்தால் கேபிள் எப்படிக் குணமாகும்? சிபியுவை யாராவது நகர்த்தினீர்களா?

பெரியப்பா: பதில் சொல்ல வேண்டியவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் தொல்லை தொடங்கியது.

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: துடைத்துச் சந்தனம் வைத்தேன். அதுவும் ஆயுதம்தானே? மூடியைத் திறந்து உள்ளேயும் துடைத்தேன். ஒரு படி தூசி இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசமாட்டீர்கள்.

செல்வி: பெரியம்மா, உள்ளே குங்குமம் வைக்கவில்லையே?

பெரியம்மா: மின்விசிறிக்கு மட்டும்.

கண்ணன்: சரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிபியுவின் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். பெட்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டபின் கையை உள்ளே விடுங்கள். ஹார்டு டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய தட்டைக் கேபிளை மாற்றுங்கள். எல் வடிவ வாய், ஒரு பக்கமாகத்தான் நுழையும். அடம்பிடித்தால் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள்.

பெரியப்பா (மாலை 6:10): மாற்றிவிட்டேன். பழையது டிஸ்க் பக்கம் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சி7 இன்னும் 4ஏ என்றுதான் காட்டுகிறது.

கண்ணன்: அந்த எண் இறங்காது. ஏறாமல் இருந்தால் போதும். குறித்துவைத்துக்கொண்டு வியாழக்கிழமை பாருங்கள். பென் டிரைவ் நகலை அதுவரை அழிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை

பெரியப்பா (காலை 8:30): அதே 4ஏ. 129 ஒன்றுகூட வரவில்லை. வம்சாவளி கொள்ளுத்தாத்தா வரை வந்துவிட்டது. பழைய கேபிளைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

பெரியம்மா: போடாதீர்கள். தக்காளிச் செடியைக் கட்ட ஆகும்.